ஏர் பிஸ்டல் ட்ரிகரைச் சீராக்குவது எப்படி: அளப்பது முதல் மெருகேற்றுவது வரை முழு வழிகாட்டி

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் இலக்குத் தாளில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அடுத்தடுத்த ஒவ்வொரு வட்டமும் ஆரத்தில் 8 மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது. பிஸ்டலின் மேல் குறி பார்க்க இருக்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 35 சென்டிமீட்டர் தூரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ட்ரிகரை இழுக்கும்போது முன் சைட் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், பெல்லட் (ஏர் பிஸ்டலின் சின்ன ஈயக் குண்டு) இலக்கில் சுமார் 28 மில்லிமீட்டர் தள்ளி விழும். மூன்று புள்ளிக்கு மேல் போய்விடும்.

ஏர் பிஸ்டல் பழகுகிற பலரும் குறி பார்ப்பதில்தான் தவறு என்று நினைத்து மாதக்கணக்கில் சைட்டைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். உண்மையில் குறி சரியாகவே இருக்கும்; ட்ரிகர் ஓரிடத்தில் உரசி, நின்று, திடீரென்று விடும்போது கை ஆடிவிடும். ஒவ்வொரு முறையும் அது வெவ்வேறு இடத்தில் விடுவதால் கைக்கும் பழக்கம் வராது.

நல்ல ட்ரிகர் என்றால் லேசான ட்ரிகர் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே எடையில், உரசலே இல்லாமல் விடுவதுதான் நல்ல ட்ரிகர். போட்டி விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையவே கூடாது. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க சீரான ட்ரிகரைப் பற்றியது.

உதாரணத்துக்கு இஷ் 46எம் பிஸ்டலை எடுத்துக்கொள்கிறேன். ரஷ்யாவின் இஷெவ்ஸ்கில் தயாரான பிஸ்டல் இது. லீவரை ஒரே முறை இழுத்து மூடினால் காற்று ஏறிவிடும், தனியாகக் காற்றுச் சிலிண்டர் தேவையில்லை. ட்ரிகரில் எல்லா அட்ஜஸ்ட்மென்ட்டும் உண்டு. உள்ளே பாகங்கள் உறுதியானவை, ஆனால் ஃபினிஷிங் கொஞ்சம் முரடு. அதனால் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பிஸ்டல் கிடைப்பது கடினம். ஸ்டெயர் எல்பி10, வால்தர் எல்பி500, ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ், பார்டினி கே12 வைத்திருப்பவர்களுக்கும் அளப்பது, திருகுவது, சோதிப்பது எல்லாம் இதே முறைதான். திருகுகள் இருக்கும் இடம் மட்டும் மாறும். அந்த விலையுயர்ந்த பிஸ்டல்களில் மெருகேற்றும் வேலையில் மட்டும் இறங்காதீர்கள். தொழிற்சாலையிலேயே அதைச் செய்து கொடுத்திருப்பார்கள்.

முதலில் பாதுகாப்பு

சிலிண்டர் பிஸ்டல் என்றால் சிலிண்டரைக் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் காற்றைப் பாதுகாப்பான திசையில் சுட்டு வெளியேற்றுங்கள். இஷ் 46எம் மாதிரி லீவர் பிஸ்டலில் காற்று ஏறியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தாலும் அதையே செய்யுங்கள். பிறகு பெல்லட் வைக்கும் பின்வாயான பிரீச்சைத் திறந்து பேரலில் பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். பெல்லட் டின்னை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள். வேலை செய்யும் மேசையில் ஒரு பெல்லட்கூட இருக்கக் கூடாது.

கண்ணாடி அணியுங்கள். ட்ரிகர் அமைப்பில் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. முகத்துக்கு நேரே பாயக் கூடியவை.

கிளப் பிஸ்டலாக இருந்தால் பயிற்சியாளரிடம் கேட்காமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். உங்களுக்குப் பிறகு அதே பிஸ்டலை எடுப்பவர் 13 வயதுப் பிள்ளையாக இருக்கலாம்.

ட்ரிகருக்குள் என்ன நடக்கிறது

பிஸ்டலைத் தயார் செய்ததும், காற்று வால்வை அடித்துத் திறக்கும் சுத்தியல் ஸ்பிரிங்கின் அழுத்தத்தோடு பின்னால் நிற்கிறது. அது முன்னால் பாயாமல் தடுத்துப் பிடித்திருக்கும் சின்ன எஃகுத் துண்டுக்கு சியர் என்று பெயர். கதவுத் தாழ்ப்பாளின் நாக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எஃகு விளிம்புகள் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. ட்ரிகரை இழுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் பிரிகின்றன.

ட்ரிகரை மெதுவாக இழுத்தால் முதலில் லேசான எதிர்ப்போடு சில மில்லிமீட்டர் வரும். இது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். அப்புறம் சுவரில் இடித்த மாதிரி ஒரு தடை தெரியும். அந்தச் சுவரில் இன்னும் கொஞ்சம் அழுத்தம் சேர்த்தால் சியர் விடுபடும். இது செகண்ட் ஸ்டேஜ். விடுபட்ட பிறகும் ட்ரிகர் பின்னால் போகும் தூரம் ஓவர் டிராவல். இந்த மூன்றில் எங்கே குறை இருக்கிறது என்று விரல் சொல்லும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் மணல் அரைபடுவது போல் இருந்தால் பாகங்களைக் கோக்கும் பின்களிலோ ஸ்பிரிங்கிலோ உரசல். சுவரைத் தாண்டிய பிறகு ட்ரிகர் இழுபட்டு இழுபட்டு நகர்ந்தால் சியர் அதிகமாகக் கவ்வியிருக்கிறது, அல்லது அதன் முகம் சொரசொரப்பாக இருக்கிறது. விடுபட்டதும் பிஸ்டல் உதறினால் ஓவர் டிராவலைக் கவனிக்க வேண்டும்.

எதையும் தொடும் முன் அளந்து எழுதுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். கழுத்தில் நூல் கட்டி ஒரு வளையம் போடுங்கள். பாட்டில், நூல் எல்லாம் சேர்த்துச் சமையலறைத் தராசில் வைத்துச் சரியாக 500 கிராம் வரும்வரை தண்ணீரைக் கூட்டிக் குறையுங்கள். செலவில்லாத டெஸ்ட் வெயிட் தயார். பிஸ்டலைத் தயார் நிலையில் வைத்து, பேரல் நேராக மேலே பார்க்கும்படி பிடித்து, நூல் வளையத்தை ட்ரிகரின் நடுவில் மாட்டி, தரையில் இருக்கும் பாட்டிலை மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பியும் ட்ரிகர் விடாமல் இருந்தால் 500 கிராமைத் தாங்குகிறது என்று அர்த்தம். அடுத்து 20, 20 மில்லியாகத் தண்ணீர் சேர்த்து, எந்த எடையில் விடுகிறது என்று பாருங்கள்.

இதைப் பத்து முறை செய்து பத்து எண்களையும் நோட்டில் எழுதுங்கள். சராசரியைவிட, மிகக் குறைந்த எண்ணுக்கும் மிக அதிகமான எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். என் பழைய பிஸ்டலில் அது 140 கிராம் இருந்தது. ஒரு முறை 520-ல் விட்டது, அடுத்த முறை 660-ல். இப்படி ஒரு ட்ரிகரை வைத்துக்கொண்டு கையைக் குறை சொல்லி என்ன பயன்?

போட்டியில் சோதிக்கும்போதும் பேரலை நிமிர்த்தித்தான் எடையைத் தூக்கச் சொல்வார்கள். அதுவும் காற்று ஏறிய நிலையில். அதனால் வீட்டில் ட்ரை ஃபயர் நிலையில், அதாவது காற்றும் பெல்லட்டும் இல்லாமல், அளந்த பிறகு, சுடும் ரேஞ்சில் காற்று ஏற்றி, பெல்லட் இல்லாமல், ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

எல்லா அட்ஜஸ்ட்மென்ட் திருகுகளின் தலையிலும் நகப்பூச்சால் ஒரு சின்னக் கோடு போட்டு, கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எங்கிருந்து கிளம்பினோம் என்று தெரிந்தால்தான் திரும்பி வர முடியும்.

விரலும் கிரிப்பும்

நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். விரல் படும் தகடான ட்ரிகர் பிளேடு உங்கள் விரலுக்குச் சரியான இடத்தில் இல்லாவிட்டால், உள்ளே எவ்வளவு மெருகேற்றினாலும் பலன் கிடைக்காது.

பிஸ்டலைப் பிடித்து, ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் நடுச் சதை பிளேடில் படுகிறதா என்று பாருங்கள். நுனி மட்டும் பட்டால் பிளேடு தூரத்தில் இருக்கிறது. கணுவின் மடிப்பு பட்டால் மிக அருகில் இருக்கிறது. பிளேடைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். சில பிஸ்டல்களில் பக்கவாட்டில் சாய்க்கவும் முடியும். அழுத்தம் பேரலுக்கு நேர்க்கோட்டில் பின்னால் போக வேண்டும். இன்னொன்று, விரலின் அடிப்பகுதி கைப்பிடியான மரக் கிரிப்பைத் தொடவே கூடாது. தொட்டால் இழுக்கும்போது பிஸ்டலும் சேர்ந்து திரும்பும். அந்த இடத்தில் மரத்தை உப்புத்தாளால் தேய்த்து ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள்.

பிளேடையே மாற்றலாமா? மாற்றலாம். அகலமான பிளேடு அழுத்தத்தைப் பரப்புவதால், எடை மாறாமலே ட்ரிகர் லேசானது போல் தோன்றும். வளைவான பிளேடு விரலை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம் என்றால் அது பிளேடுதான். புதிய ஸ்பிரிங் செட்டுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

திருகுகளைச் சரிசெய்யும் வரிசை

ஒரு நேரத்தில் ஒரு திருகு மட்டும். ஒரு முறைக்கு அரைக்கால் சுற்று மட்டும், அதாவது எட்டில் ஒரு பங்கு. திருகிய பிறகு ஐந்து முறை ட்ரை ஃபயர் செய்து பாருங்கள். இஷ் 46எம்-இல் பிரீச்சைத் திறந்து மூடினாலே ட்ரிகர் தயாராகிவிடும், காற்றே தேவையில்லை. எந்தத் திருகு எது என்பதைப் பிஸ்டலோடு வந்த கையேட்டின் படத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே ஆலன் கீயோ ஸ்குரூடிரைவரோ எடுங்கள்.

முதலில் ஓவர் டிராவல் திருகை நன்றாகத் தளர்த்தி விடுங்கள். அது இறுக்கமாக இருந்தால் மற்ற எதைச் சரிசெய்தாலும் தவறான பதில்தான் கிடைக்கும்.

அடுத்தது சியரின் கவ்வல். இதுதான் நிதானம் தேவைப்படுகிற இடம். கவ்வலை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். செகண்ட் ஸ்டேஜில் இருந்த இழுபடும் உணர்வு குறைந்து, ஒரு கட்டத்தில் கண்ணாடிக் குச்சி உடைவது போல் சட்டென்று விடும். இன்னும் குறைத்தால் சுவரே காணாமல் போய், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் முடியும் முன்பே விட்டுவிடும்; அல்லது பிரீச்சை மூடும்போதே நிற்காமல் விடும். அந்த எல்லையைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் வந்துவிடுங்கள். எல்லைக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளும் ஆசை வரும். வேண்டாம். பாகங்கள் தேயும், வெயிலும் குளிரும் மாறும், தூசி சேரும்.

மூன்றாவதாக எடை. மொத்தம் 530 முதல் 550 கிராம் வரை வைப்பது என் வழக்கம். 500-க்குச் சரியாக வைத்தால் போட்டி நாளில் எடைச் சோதனையின்போது நெஞ்சு படபடக்கும். சுடும்போது அந்த 40 கிராம் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. மொத்த எடையில் பெரும்பகுதியை ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குக் கொடுங்கள்: ஏறத்தாழ 380 கிராம் ஃபர்ஸ்ட், மிச்சம் 150 செகண்ட். சுவருக்கு வரும்போது விரலில் ஏற்கெனவே நல்ல அழுத்தம் இருக்கும். மிச்சத்தைச் சேர்ப்பது எளிது. பதற்றத்தில் விரலின் உணர்வு மந்தமாகும் நாட்களில் இந்தப் பங்கீடு காப்பாற்றும்.

கடைசியாக ஓவர் டிராவல். பிஸ்டல் சுடாமல் நிற்கும்வரை திருகை உள்ளே திருப்புங்கள். பிறகு சுடும் இடம் வரும்வரை வெளியே எடுத்து, அங்கிருந்து மேலும் கால் சுற்று விடுங்கள். இதைவிட இறுக்கினால், சியர் முழுதாக விலகாமல் சுத்தியல் அதன் மேல் உரசிக்கொண்டு போகும்; அந்த உரசல் சியர் விளிம்பையே தின்றுவிடும்.

இங்கே நிறுத்தி மறுபடியும் பத்து முறை அளங்கள். இடைவெளி 30 கிராமுக்குள் வந்துவிட்டதா? சந்தோஷமாகக் கிரிப்பை மாட்டிவிட்டுச் சுடப் போங்கள். பெரும்பாலான பிஸ்டல்களில் வேலை இத்தோடு முடிந்துவிடும். இன்னும் அரைபடும் உணர்வு இருந்தால் மட்டும் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

மெருகேற்றுவது

திருகைத் திருப்பியதைத் திரும்ப மாற்றலாம். தேய்த்த எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது.

நான் முதலில் செய்த பிஸ்டலில் சியரின் விளிம்பைக் கண்ணாடி போல் ஆக்குகிறேன் என்று சுழலும் மெஷினில் பஃப் (மெருகேற்றும் துணிச் சக்கரம்) வைத்துப் பிடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. கூர்மையான விளிம்பு உருண்டு போனதை நான் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ரேஞ்சில் பிரீச்சை மூடியதும் பிஸ்டல் தானாகவே விட்டது. பேரல் இலக்குப் பக்கம் பார்த்திருந்ததால் பெல்லட் எதிர்ச் சுவரில் பட்டு விழுந்தது. அன்றிலிருந்து ட்ரிகர் வேலைக்கு மெஷினைத் தொடுவதே இல்லை. நீங்களும் தொடாதீர்கள்.

தேவையானவை இவ்வளவுதான்: 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு, பிராசோ மாதிரி மெட்டல் பாலிஷ், கறுப்பு மார்க்கர், மாலிப்டினம் கிரீஸ், காது குடையும் பஞ்சுக் குச்சிகள். அரம் வேண்டாம்.

பாகங்களைக் கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள். ஸ்பிரிங் வெளியே வரும் இடத்தில் கையையும் பிஸ்டலையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு கழற்றினால் எதுவும் கட்டிலுக்கு அடியில் ஓடாது.

முதல் வேலை சுத்தம் செய்வது. பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து பசை மாதிரி ஆகியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு அப்படியே பூட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பிறகு எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். உரசக்கூடிய எல்லா முகங்களிலும் மார்க்கரால் கறுப்பு பூசி, பாகங்களைப் பூட்டி, இருபது முறை ட்ரை ஃபயர் செய்து திரும்பக் கழற்றுங்கள். மை அழிந்த இடங்கள்தான் உரசும் இடங்கள். மை அழியாத இடத்தில் ஒரு முறைகூடத் தேய்க்காதீர்கள்.

பின்களை 1500 நம்பர் பேப்பரில் உருட்டி, பிறகு பாலிஷ் போடுங்கள். ட்ரிகர் லீவரின் பக்கங்கள் சட்டகத்தில் உரசினால், கண்ணாடியின் மேல் வாட்டர் பேப்பரை விரித்து, துளி எண்ணெய் விட்டு, லீவரைத் தட்டையாக வைத்து எட்டு போடுவது போல் நகர்த்துங்கள். பிசிறு போகும்வரை போதும். துளைகளின் ஓரப் பிசிறைப் பேப்பரைச் சுருட்டி எடுக்கலாம். ஸ்பிரிங்கின் வெட்டுப்பட்ட முனைகள் சட்டகத்தைக் கீறிக்கொண்டே இருக்கும். அவற்றை மெல்லத் தேய்த்து மழுக்குங்கள். ஸ்பிரிங்கை வெட்டிச் சிறிதாக்க வேண்டாம். எடையைக் குறைக்கத் திருகு இருக்கிறது. ட்ரிகரை முன்னால் தள்ளும் ஸ்பிரிங் பலவீனமானால், சுவர்வரை இழுத்துவிட்டு மனம் மாறி விரலை எடுக்கும்போது ட்ரிகர் பழைய இடத்துக்குத் திரும்பாது. அது ஆபத்து.

சியரின் முகத்துக்குப் பேப்பரே வேண்டாம், பாலிஷ் மட்டும். பஞ்சுக் குச்சியிலோ பதப்படுத்திய தோல் துண்டிலோ பாலிஷைத் தொட்டு, வழுக்கும் திசையிலேயே இருபது முறை இழுத்தால் போதும். இதற்கு இரண்டு காரணங்கள். சியரில் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டிருக்கலாம். அது மிக மெல்லியது. அதைத் தேய்த்துக் கடந்துவிட்டால் உள்ளே இருக்கும் மென்மையான எஃகு சில நூறு ஷாட்டுகளில் பள்ளமாகும். இரண்டாவது காரணம் கோணம். கவ்வும் முகங்களின் கோணம் நூலிழை மாறினாலும், சுத்தியலின் அழுத்தமே சியரைத் தள்ளிவிடத் தொடங்கலாம்.

பூட்டும்போது கவ்வும் முகத்தில் குண்டூசித் தலை அளவு மாலிப்டினம் கிரீஸ், பின்களில் ஒரு துளி மெல்லிய எண்ணெய். அதிகம் வேண்டாம், தூசியை இழுக்கும். காற்று போகும் பாதையிலும் சிலிண்டர் வாயிலும் பெட்ரோலிய எண்ணெய் படவே கூடாது. 200 பார் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பற்றக் கூடும்.

சோதிக்காமல் பெல்லட் போடாதீர்கள்

பாகங்களைக் கழற்றிப் பூட்டியதால் முன்பு வைத்த அளவுகள் மாறியிருக்கும். திருகுகளை மறுபடியும் அதே வரிசையில் சரிசெய்யுங்கள். பிறகு, பெல்லட் இல்லாமல்:

1. பிரீச்சை இருபது முறை வழக்கத்தைவிட வேகமாக மூடுங்கள். ஒரு முறைகூடத் தானாக விடக் கூடாது.
2. தயார் நிலையில் பிஸ்டலின் பின்புறம், இரண்டு பக்கம், அடிப்பக்கம் ஆகியவற்றை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள்.
3. சுவர்வரை இழுத்து, விரலை எடுத்து, மறுபடியும் தட்டுங்கள்.
4. 500 கிராம் பாட்டிலை மூன்று முறை தூக்குங்கள். போட்டியிலும் மூன்று வாய்ப்புதான்.

எதில் ஒரு முறை தவறினாலும் சியரின் கவ்வலைக் கூட்டி, முதலிலிருந்து தொடங்குங்கள். கவ்வலைக் கூட்டியும் நிற்கவில்லை என்றால் சியரையே மாற்ற வேண்டும். அந்தப் பிஸ்டலைச் சுடாதீர்கள்.

எல்லாம் சரியாக வந்தால் ரேஞ்சுக்குப் போய் இலக்குத் தாளைத் திருப்பி மாட்டி, வெறும் வெள்ளைப் பக்கத்தில் பத்து ஷாட் சுடுங்கள். குறி இல்லாததால் கவனம் முழுக்க விரலில் இருக்கும். சைட் அசைகிறதா என்று அப்போது தெளிவாகத் தெரியும்.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, பல நிமிடங்கள் கைவிட்டுப் போயின. 575 புள்ளிகளோடு 12-ஆவது இடத்தில் நின்றார். 2024 பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வென்றார். 60 ஷாட்டுக்கு 75 நிமிடம்தான் என்கிற போட்டியில், பெட்டியில் உதிரி ஸ்பிரிங், உதிரி பின், சரியான அளவு ஆலன் கீ இருக்கிறதா என்பதும் ட்ரிகர் வேலையின் ஒரு பகுதிதான். கடலோர ஊரில் இருப்பவர்கள் அந்தப் பெட்டியில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு வையுங்கள். உப்புக் காற்றில் பின்கள் சீக்கிரம் துரு பிடிக்கும்.

ஒரு டின் பெல்லட், அதாவது 500 ஷாட், தீர்ந்ததும் பாட்டிலை எடுத்து மறுபடியும் பத்து முறை அளந்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். எண்கள் அசையாமல் இருந்தால் திருகுகளின் தலையில் நகப்பூச்சால் புதுக் கோடு போட்டுவிடலாம்.